சூடேறாத பேரிங்கும் பதினைந்து நிமிட டீயும்

எண்ணெய் விற்கிறவனுக்கு இரும்பைப் பற்றித் தெரிந்தால் போதாது, இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஆளைப் பற்றி எனக்குத் தெரியாததே இல்லை என்ற திமிரோடுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பதினான்கு வருடம் மில் வாசலில் சங்கத் தலைவனாகத் தொண்டை கிழியக் கத்தியவன். துண்டறிக்கை படித்தே எழுத்தும் உலகமும் கற்றவன். டீ இடைவேளை கேட்டு நடத்திய கடைசி வேலைநிறுத்தம் தோற்றது. என்னோடு சேர்த்து முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. இரும்பின் மேல் மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தை எண்ணெயில் கலந்து விற்றார்கள். மூன்று மாதத்துக்குள் ஒரு பட்டறையையாவது நிரந்தர வாடிக்கையாக்க வேண்டும். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டும். ஐம்பது வயதுக்குமேல் வேறு எவன் வேலை தருவான்? மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் படியேறினேன்.

வாசல் கூட்டம்

பக்கத்திலேயே கணபதி என்ற பகுதியில் சுப்பண்ணன் என்பவரின் பம்புசெட் பட்டறை. இரும்பைக் கடைகிற லேத்து மெஷின் ஏழு. "பளபளவென்று தெரிகிற இரும்பிலும் மலையும் பள்ளமும் உண்டு. மலையோடு மலை மோதும். மோதினால் சூடு, சூட்டினால் தேய்மானம். நடுவில் நம் எண்ணெய் ஒரு தோலாக நின்றுவிட்டால் மோதலே இல்லை!" என்று ஆரம்பித்தேன். நடுவில் என்ன ஆனதென்று தெரியவில்லை. வலது கை தானாக மேலே போய்விட்டது, குரல் எதிர்க்கடைவரை போய்விட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

சுப்பண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, எண்ணெய் மட்டும் வாங்குனா போதுங்களா, கொடியும் புடிக்கோணுங்களா?"

நாக்கு

அந்தப் பட்டறையில் மூத்த லேத் ஆள் மாரப்பன். என்னோடு வேலை போன முப்பது பேரில் ஒருவர். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ எண்ணெயை மட்டும்தான் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், முகர்ந்தார், கடைசியில் நாக்கு நுனியில் வைத்தார். பழைய எண்ணெயைக் காய்ச்சி வடிகட்டி விற்கிற மோசடியை அங்கே அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

தலைவனாக இருந்தவன் பின்தங்கலாமா? நானும் ஒரு விரல் நிறைய எடுத்து வாயில் போட்டு, நல்லெண்ணெய் மாதிரி தலையாட்டினேன். அன்று மாலைவரை பட்டறைக்கும் கழிவறைக்குமாக நடந்தேன்.

மாரப்பன் வருத்தத்தோடு சொன்னார்: "நாங்க துப்பிப்போடுவமுங்க தோழர். நீங்க முழுங்கிப்போட்டீங்களே!"

சத்தம் நின்றது

சோதனைக்காக ஏழு லேத்திலும் ஊற்றினோம். நாலாம் நாள் தகரத்தை இழுக்கிற மாதிரி இருந்த இரைச்சல் அடங்கியது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நிற்க, உள்ளறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஓடிட்டுத்தான் இருக்குதுங்களா? ஓடறது எங்காதுல உழுகோணுமுங்க. இல்லீன்னா எல்லாரும் தூங்கறாங்கன்னு நெனச்சுப்போடுவேன்!"

கையைச் சுடாத பேரிங்

மூன்றாம் மாதக் கடைசி. ஆர்டர் தருவதாகச் சுப்பண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பட்டறையில் ஒருவர்கூட என்னை வாங்க என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அங்கே டீ நேரம் என்று ஒன்று கிடையாது. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மாரப்பன், லேத்தின் அச்சைத் தாங்குகிற பேரிங் மேல் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் சுட்டால் மெஷினை ஆறவிட வேண்டும். அது ஆறுகிற பதினைந்து நிமிடத்தில் ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவார்கள். தினமும் தவறாமல் சுடும். என் எண்ணெய் போட்ட பிறகு மாரப்பன் நூறுவரை எண்ணியும் சுடவில்லை. மூன்று வாரமாகக் காலை எட்டிலிருந்து சாப்பாட்டு மணிவரை நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

மாரப்பன் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு டீ கேட்டு வேலையப் போக்குனீங்க. இன்னைக்கு வேலைய மட்டும் மிச்சம் வெச்சு டீயப் போக்கிப்போட்டீங்களே, தோழர்!"

எண்ணெய்க்கு எதற்கு டீ

பேசாமல் ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மனைவி காலையில் அதைத்தான் சொல்லி அனுப்பினாள். ஆனால் பழக்கம் விடுமா? சுப்பண்ணன் மேஜைமுன் நின்று, ஆட்களுக்கு இரண்டு வேளை பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால்தான் எண்ணெய் தருவேன் என்றேன். வலது கை மறுபடியும் மேலே போயிருந்தது.

சுப்பண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நிக்காம ஓடும்னு சொன்னது நீங்கதானுங்களே? நிறுத்தோணும்னா எனக்கு முந்தி ஊத்துன எண்ணெயே போதுமுங்க."

மறுநாள் கம்பெனியில் என் மாதிரிப் பையை வாங்கி வைத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பதினோரு மணி

ஒரு மாதம் கழித்து, வேறு வேலை தேடி அந்த வழியாகப் போனேன். பட்டறைக்குள் பழைய இரைச்சல். வாசலைத் தாண்டும்போது லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. மாரப்பன் புறங்கையை ஊதிக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லாச் சுடுதுங்க தோழர். வாங்க, டீ குடிக்கலாம்!"

பதினான்கு வருடம் போராடி வாங்கித் தர முடியாத டீயை, ஒரே ஒரு எண்ணெயை விற்கத் தெரியாமல் வாங்கிக் கொடுத்த தலைவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.