எறும்பு உயரத்துக்கு ஒரு ட்ரைபாட்

என் அக்காவுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுப் பரணில் மூன்று ட்ரைபாட் தூசி படிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். கடிக்கத் தெரிந்திருந்தால் முதல் ஒன்றோடு கதை முடிந்திருக்கும்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை முதல் மாலை வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஊரார் ரத்தத்தை ஆராய்வதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் மனுஷி கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? இவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரோரம் போய்க் குப்புறப் படுத்துவிடுவாள். வெயில் படாத அந்த மூலையில் பாசி மண்டிக் கிடக்கும். அதற்குள் எறும்பும் பொடிச் சிலந்தியும் பெயர் தெரியாத பூச்சிகளும் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றைத்தான் படம் எடுக்கிறாள். எங்கும் போடுவதில்லை, யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை. நான் கேட்டால் மட்டும் காட்டுவாள். கேமராவும் பூச்சியின் மூக்குவரை போய் எடுக்கிற அந்த லென்ஸும் அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியவை. அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அவ்வளவு பக்கத்தில் போனால் ஒரு சங்கடம். மூச்சு விட்டால்கூடப் படம் கலங்கிவிடும். முழங்கையை மண்ணில் ஊன்றி மூச்சை அடக்கி அடக்கி எடுத்ததில் இரண்டு முழங்கையும் கன்றிப்போயின. ஒரு நாள் சாப்பிடும்போது, கேமராவை ஆடாமல் நிறுத்த ஒரு ட்ரைபாட் இருந்தால் தேவலை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், கேட்காமலே வாங்கிக் கொடுப்பார். அந்தக் கேட்காமலேதான் தொல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. எந்த விஷயமானாலும் தானே கூடி, தானே பேசி, தானே தீர்மானம் போட்டு முடித்துவிடுவார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கமிட்டி. மாடியில் குடியிருக்கிற கொழுந்தியாளுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

மறுவாரமே கமிட்டியின் பரிசு வந்தது. எடை குறைவு, மடித்தால் கைப்பைக்குள் அடங்கும் என்று அவரே விளம்பரம் வாசித்தார். கொசு உட்கார்ந்தால் ஆடுகிற கால்கள். காலுக்கு மேலே கேமராவைப் பூட்டித் திருப்புகிற பாகத்தை ஹெட் என்கிறார்கள். இதில் அது பிளாஸ்டிக். எவ்வளவு முறுக்கினாலும், கையை எடுத்த மறுநொடி கேமரா மெல்லத் தலையைத் தொங்கப் போட்டுவிடும். எறும்பைப் பார்த்து வைத்தால் படத்தில் வெறும் மண் இருக்கும். ஆனை வாங்கினவர்கள் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நான் கேட்டு வைத்தேன். அது என் தப்பு. அடுத்தது ஆனையாகவே வந்தது.

அத்தானின் அலுவலக நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவராம். அவர் சிபாரிசு. ஆளுயர இரும்பு, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஹெட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கைப்பிடி. நடுவே ஒரு தண்டு. கால்களை எவ்வளவு விரித்தாலும் அந்தத் தண்டு தரையில் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழே கேமரா இறங்காது. அத்தான் அதை ஹாலில் நிறுத்தி, தன் தலைக்கு மேல் வரை நீட்டிக் காட்டி, எவ்வளவு உயரம் பார்த்தாயா என்று பூரித்துப்போனார். தரையோடு ஊர்கிற எறும்பை எடுக்க இவளுக்கு உயரம் எதற்கு? அக்கா நன்றி சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது, நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாக மாட்டுகிற ரகம். தாழ்வாக எடுக்க முடியவில்லை என்று அக்கா ஒருவழியாக முனகியதன் பலன். கேமரா கால்களுக்கு நடுவே வவ்வாலாகத் தொங்கும். அக்கா அந்தக் காலிடுக்குக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரிகிற எறும்பைப் பார்த்து, இடம் வலம் மாறிய பொத்தான்களைத் தடவித் தடவி அழுத்த வேண்டும். போதாததற்கு மூன்று காலின் நிழலும் பாசிமேல் விழும். கழுத்துப் பிடித்துக்கொண்டது. லேபில் மைக்ராஸ்கோப்பில் குனிய முடியாமல் லீவு போட்டாள். திரும்பி வேலைக்குப் போன அன்று மாலை என்னிடம் வந்து சொன்னாள்.

"போதும்டி. கேமராவ வித்துடறேன்."

லேபில் ரத்தம் எடுக்கிற பெண் ஒருத்தி, தன் குழந்தையைப் படம் பிடிக்க நல்ல கேமரா தேடிக்கொண்டிருந்தாளாம். அவளை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அக்கா அழவில்லை, கோபப்படவுமில்லை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொன்னாளென்றால் செய்துவிடுவாள். அந்தக் கேமராவும் போனால் இவள் லேபிலிருந்து வந்து என்ன செய்வாள்? சமைப்பாள், மடிப்பாள், தூங்குவாள்.

ஒரே ஒரு தடவை கடைக்குப் போய் நேரில் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் விற்றுவிடு என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போவதாகத் திட்டம். செருப்பை மாட்டும்போது கமிட்டி கூடிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் தனியா போனா தலையில கட்டிடுவாங்க, நானும் வரேன்" என்றார்.

கடைக்காரர் அத்தானைத்தான் வரவேற்றார். கேமரா அக்காவின் கழுத்தில் தொங்குகிறது, நாற்காலியோ அத்தானுக்கு. உருண்டை ஹெட் எந்தப் பக்கமும் சட்டென்று திரும்பும், மற்றது பக்கத்துக்கொரு பிடியோடு நிதானமாகத் திரும்பும், சாருக்கு எது வசதி என்றார். சாரும் வெகுநேரம் யோசித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கடைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அதையும் அவரிடமே கேட்டார்.

"மேடம் பெரும்பாலும் என்ன சார் எடுப்பாங்க?"

அத்தான் கொஞ்சமும் தயங்கவில்லை. "பூ. பூ, செடி, அந்த மாதிரி."

அக்கா வாழ்நாளில் ஒரு பூவை எடுத்ததில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கடையின் நட்டநடுவே, நாலு பேர் பார்க்க, தரையில் குப்புறப் படுத்தாள்.

"இந்த உயரத்துல இருக்கறத எடுப்பேன்" என்றாள்.

கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, அவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் பார்த்த பக்கம் பார்த்தார். பிறகு கீழ்த்தட்டைக் குடைந்து ஒன்றை எடுத்து வந்தார். கட்டைக் கால்கள், நடுத்தண்டே கிடையாது. விரித்தால் தரையோடு தரையாகப் பரந்து உட்கார்ந்துவிட்டது. மேலே ஒரு உருண்டை ஹெட், கைக்கு அடக்கமான ஒரே திருகு. அக்கா கேமராவைப் பூட்டி, தரையில் விழுந்திருந்த ஒரு காகிதத் துண்டுக்குக் குறிவைத்து, திருகை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். கேமரா அசையவில்லை. குனிந்து பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அத்தான் அதைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவுதானா, நின்றால் முழங்காலுக்குக்கூட வரவில்லையே, பெரியதைவிட இதற்கு விலை ஜாஸ்தியா, நாளைக்கே குடும்பத்தோடு நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வது என்று அடுக்கினார். சார் சொல்வதும் சரிதான் என்றார் கடைக்காரர், சற்று முன் தரையில் குந்தியிருந்த அதே ஆள். அக்கா கேமராவைக் கழற்றிக்கொண்டு, போகலாம் என்றாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நான் வாங்கித் தருகிறேன் என்று வழியெல்லாம் காதைக் கடித்தேன். "நீ வாங்கிக் குடுத்தா அது நாலாவது" என்றாள். அவள் சம்பளத்தில் அவளே வாங்க வேண்டியதுதானே என்றேன். சண்டை போட்டு வாங்கின பொருளை வைத்துக்கொண்டு நிம்மதியாக எறும்பு பார்க்க முடியாது என்றாள். இவளை என்னதான் செய்வது? அன்றைக்கு இரண்டு பேர்மேலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஞாயிறு காலை லேப் பெண் கிளம்பிவிட்டதாக போன் வந்தது. கேமராவில் இருக்கும் படங்களை எடுத்து வைக்க வேண்டுமே என்று அத்தான் லேப்டாப்பைத் திறந்தார். உதவிதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பாசியில் முளைத்த பொடிக் காம்புகள், காம்பின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஈயின் இறக்கையை இழுத்துப் போகிற எறும்பு. அத்தான் தட்டிக்கொண்டே போனார். அப்புறம் ஒன்றில் நின்றார். பழுப்பாக ஒரு மேடு, அதில் வரிசையாகத் தையல், தையலோரம் எறும்புகள் சாரிசாரியாக ஏறி அந்தப் பக்கம் இறங்குகின்றன. பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது என் செருப்பு."

"ஆமா. நீங்க போன் பேசிக்கிட்டு நின்னீங்க."

அடுத்த படத்துக்குப் போனார். அதில் அவருடைய ஆபீஸ் ஷூ. இன்னும் நாலு படம் தள்ளி மழைக்காலத்து ரப்பர் செருப்பு. வேறு வேறு நாள், வேறு வேறு எறும்பு.

"நீ எங்க இருந்த?"

"கீழதான்" என்றாள் அக்கா.

அத்தான் மறுபடியும் முதல் செருப்புப் படத்துக்கே போனார். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அதற்குள் அழைப்பு மணி அடித்தது. அவர்தான் எழுந்து போனார், எப்போதும் அவர்தான் போவார். கதவைத் திறந்தார். லேப் பெண் பையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"சாரிம்மா. கேமரா விக்கறதா இல்ல. நாங்க முடிவு பண்ணிட்டோம்."

நான் தலையிலடித்துக்கொண்டேன். மனிதர் கண் கலங்கித்தான் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இதையும் அவரே சொல்லிவிட்டாரே! அக்கா லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நாங்க இல்ல" என்றாள். குரல் உயரவில்லை. "அது என் கேமரா. விக்கலாமா வேணாமான்னு நான் சொல்லணும்."

அத்தான் கதவைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"விக்கலம்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும், உன்ன அலைய வச்சுட்டேன். கடைத்தெருப் பக்கம்தான போற? இரு, நானும் வரேன்."

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அத்தான் வழக்கம்போல ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"நீங்க வேணாம்" என்றாள் அக்கா. "எனக்கு எது வேணும்னு தெரியும்."

இருவரும் தெருவில் இறங்கிப் போனார்கள். அத்தான் கையில் சாவியோடு அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு அடி எடுத்து வைக்கப் போனார். தூக்கின காலை அந்தரத்தில் நிறுத்திக் கீழே பார்த்தார், பிறகு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.