காட்டுக்கூட்டத்துக்குப் பாஷை செய்தவள்

ஓடிப்போகிற மருமகள் எவளாவது மாமியாருடைய பிரஷர் மாத்திரைக்கு நூல் கட்டி வைத்துவிட்டுப் போவாளா? காலையில் போடுகிற அட்டைக்குச் சிவப்பு நூல், ராத்திரி போடுகிற அட்டைக்குக் கறுப்பு நூல். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் என் மருமகள் எலிசா செய்த ஏற்பாடு அது. மூன்று மாதத்துக்கு உள்ளதை வாங்கிக் கட்டி பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறாள். அந்த டின்னை ரேஷன் கடைக்கே எடுத்துக்கொண்டு போய் நேசபாயின் மூக்குக்கு நேரே திறந்து காட்டினேன்.

“இது ஓடிப்போனவளுக்க வேலையா, சொல்லு பாப்போம்.”

நேசபாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை ரப்பர் மரம்தான். “ஓடிப்போனான்னு நான் சொல்லல்ல. உனக்க மகன் ஜெப்சன் மஸ்கட்டுல கிடக்கான், இவ பெட்டியெடுத்துக்கிட்டு கொச்சிக்குப் போறா. ஊருல நாலு பேரு கேக்கத்தானே செய்வாங்கன்னு சொன்னேன்” என்றாள்.

“அந்த நாலு பேருல மூணு பேரு நீதான்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் நேசபாய் விடுகிறவள் இல்லை. “அப்போ அந்த பாஷை? சாட்சி சொன்னது நீதானே, நானா?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அரிசி வாங்குகிற வரிசையில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் நான் சொன்னதைச் சொன்னபடி எழுதினால் போதும், கூட்டிக் குறைக்க வேண்டாம்.

எலிசாவுக்குச் சொந்த ஊர் சிதறால். தமிழில் எம்.ஏ. படித்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு என் மகன் ஜெப்சனைக் கட்டிக்கொண்டு அருமனைக்கு வந்தாள். அவன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், வருஷத்தில் நாற்பது நாள் வீட்டில் இருப்பான். இவள் ஜங்ஷனில் டி.டி.பி. கடையில் வேலை பார்த்தாள். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி, எலக்‌ஷன் நோட்டீஸ், எல்லாம் அவள் கைவழிதான் வரும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு கோளாறு மட்டும் உண்டு. எந்தச் சொல்லைக் கண்டாலும் அது எங்கிருந்து வந்தது, யாருடைய பிள்ளை என்று கேட்பாள். பலாப்பழம் அறுத்துக்கொண்டிருப்போம், கையெல்லாம் பசை. “மாமி, இதுக்கு சக்கைன்னு பேரு எப்படி வந்திருக்கும்?” என்பாள்.

“சக்கைக்குச் சக்கைன்னு சொல்லாம பின்ன சைக்கிள்னா சொல்லுவாங்க” என்பேன். அதையும் யோசிப்பாள்.

நாலு வருஷமாக ஒரு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்கணக்கு என்று நினைத்தேன். போன மாசிமாதம் ஒரு சாயங்காலம், ரப்பர் ஷீட் அடிக்கிற புரைக் கொட்டகைப் பக்கம் விறகெடுக்கப் போனேன். உள்ளே எலிசா நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து பாஷை வந்தது. தமிழ் இல்லை, மலையாளம் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஏற்றமும் இறக்கமுமாக, பாட்டுப் போல. விறகை அப்படியே போட்டுவிட்டு நான் முழங்காலில் நின்றுவிட்டேன்.

எங்கள் சபை வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. பாமாலைப் பாட்டும், ஒழுங்கான ஜெபமும், ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறும். ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுகிறதெல்லாம் மேட்டுத்தெரு பெந்தெகொஸ்தே சபையில்தான். அவர்கள் அதைச் சொல்லி எங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதும் உண்டு. இப்போது பரிசுத்த ஆவியானவர் மேட்டுத்தெருவை விட்டுவிட்டு என் வீட்டு ஷீட் புரைக்கு வந்திருக்கிறார். என்னால் அடக்க முடியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொன்னேன். “எனக்க மருமவளுக்கு அந்நிய பாஷை வரம் கிடைச்சிருக்கு. எனக்க ரெண்டு கண்ணால பாத்தேன்.” எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எலிசா அன்று தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நேசபாய் வந்தாள். அவள் மகன் பெனிஷின் நியூசிலாந்து விசா பேப்பர் எட்டு மாதமாக வராமல் கிடந்தது. அவனுடைய பாஸ்போர்ட் காப்பியை எலிசாவின் கையில் வைத்து, “மக்களே, இதுக்குமேல கைய வச்சு அந்த பாஷையில ரெண்டு வார்த்தை பேசு. அது போதும்” என்றாள்.

எலிசா என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

“எந்த பாஷை, அக்கா?”

நேசபாய் சாட்சியைச் சொன்னாள். எலிசா உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “இது வரம் இல்லக்கா. நான் உண்டாக்கின பாஷை. கம்ப்யூட்டர்ல விளையாடுத விளையாட்டுக்கு உள்ளது.”

“உண்டாக்குனதா? பாஷைய மனுஷன் உண்டாக்குவானா?”

“கண்ணீரு வந்துச்சே. நான் பாத்தேனே” என்றேன் நான்.

“புகை, மாமி. ஷீட்டு காயுததுக்குப் போட்ட புகை.”

நேசபாய் காப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். “செய்ய மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லு. ஆவியானவர விளையாட்டுன்னு சொல்லாத” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் கண் நிறைந்திருந்ததை நான் கண்டேன். அதனால் அவளையும் முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கை அடக்கியிருக்கலாம்.

நான் இரண்டு நாள் எலிசாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்குழம்பும் வைத்து, தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். வெளிநாட்டுக் கதைகளில் ஒரு கூட்டம் உண்டாம். காது கூர்மையாக, நெட்டையாக, காட்டுக்குள் நூறு நூறு வருஷம் வாழ்கிற கூட்டம். எல்ஃப் என்று பெயர். அவர்கள் பேசுவதற்குப் பாஷை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம், சம்பளம் இல்லாமலே. இவளும் செய்தாள். கொச்சியில் அப்படி ஒரு காட்டை வைத்து விளையாட்டு செய்கிற கம்பெனிக்கு அனுப்பினாள். அவர்கள் பேசிக் கேட்க வேண்டும் என்றதால் புரைக்குள் நின்று போனில் பதிந்திருக்கிறாள்.

“இப்போ வேலைக்கு வரச் சொல்லுதாங்க மாமி. ஒரு வருஷம் அங்க இருந்து பாஷைய முடிச்சு, குரல் குடுக்குதவங்களுக்குப் படிச்சுக் குடுக்கணும். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.”

“வாயில வந்தத உளறுததுக்கு ஒரு வேலையா?”

“உளறல் இல்ல. வேர் வச்சுச் செய்யணும்.” ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான். “லாழ். இது ஒரு வேர். சொட்டுச் சொட்டா வடியுததுன்னு அர்த்தம். அதுலயிருந்து லாழு, மரத்துக்க பாலு. லாழின், கண்ணீரு. லாழேன்னா காத்திருக்கது.”

“காத்திருக்கதுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?”

“மாமா உயிரோட இருந்தப்போ காலையில ரப்பர வெட்டிவிட்டுட்டு சிரட்டை நிறையுததுக்கு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு?”

என் வீட்டுக்காரர் மரத்தடியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருப்புக்கு நாற்பது வருஷமாக என்னிடம் ஒரு சொல் இருந்ததில்லை. இவள் செய்து வைத்திருக்கிறாள்.

அப்புறம் நானே கேட்க ஆரம்பித்தேன். அந்தக் காட்டுக்கூட்டத்தில் ஒரு பிரிவு மலையில் நின்றுவிட்டது, ஒரு பிரிவு கடலோரம் போய்விட்டது, போனவர்கள் வாயில் அதே சொல் தேய்ந்து வேறாகிவிட்டது என்றாள். “நாம தேங்காய்ங்கோம். களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள்ள போனா தேங்ஙா. அது மாதிரி.” மனசிலாகிவிட்டது. மாமியாருக்கு அங்கே என்ன சொல் என்று கேட்டேன். அந்தச் சொல்லை இன்னும் செய்யவில்லை என்றாள்.

“மாமியாரு இல்லாத ஊரா? அப்போ அது பரலோகம்தான்.”

அன்று எலிசா சிரித்த சிரிப்பில் மரச்சீனித் தட்டு கவிழ்ந்தது. சாயங்காலமே சொல்லைச் செய்து கொண்டுவந்தாள். காவல் என்கிற வேரிலிருந்து எடுத்தாளாம். எந்தக் காவல், நாய்க்காவலா என்று கேட்டதற்கு நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவிட்டாள்.

இதற்குள் ஊர் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆவியானவரைக் கேலி செய்தாள் என்று ஒரு பக்கம், வேறே ஏதோ ஆவி என்று ஒரு பக்கம். சபை வாட்ஸ்அப்பில் போட்டு அது மஸ்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜெப்சன் கூப்பிட்டான். “அம்மா, இஞ்ச ரூமுல உள்ளவன் எல்லாம் கேக்கான், எனக்க பெண்டாட்டிக்கு என்ன பிடிச்சிருக்குன்னு. கொச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்” என்றான்.

எலிசா சண்டை போடவில்லை. நோட்டை ஒரு சேலையில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். கடைக்குப் போனாள், வந்தாள், சோறு வைத்தாள். ஒரு வாரம் அவள் எந்தச் சொல்லைப் பற்றியும் என்னிடம் கேட்கவில்லை. பலாக்கொட்டை உரித்தோம், அயினிப்பழம் தின்றோம், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் யாரோ இறந்துபோன மாதிரி இருந்தது எனக்கு.

சபை ஊழியர் யேசுரத்தினம் விசாரிக்க வந்தார். நான்தான் நாற்காலி போட்டு ஏறி நோட்டை இறக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் புரட்டினார்.

“இதுல பாவம் ஒண்ணும் இல்ல பாட்டி. பைபிள் காலேஜுல எபிரேயம் படிச்சப்போ இப்படித்தான் வேர் வேரா மனப்பாடம் பண்ணினோம். நல்லாத்தான் செஞ்சிருக்கா.”

“அப்போ அத சபையில சொல்லுங்க.”

அவர் நோட்டை மூடினார். “சபை நம்பினது உங்க சாட்சிய. அத நான் எப்படி மாத்துது? சும்மா விடுங்க, ஜனங்க மறந்துருவாங்க.”

“மறக்கதுக்குள்ள மாசம் முடிஞ்சிரும். நானே எழும்பிச் சொல்லுதேன்.”

“பாட்டி, சொன்ன சாட்சிய இல்லேன்னு சொன்னவங்க நம்ம சபையில ஒருத்தரும் கிடையாது.”

“இனி கிடையாதுன்னு சொல்ல முடியாது” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி மாத்திரை போட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுபத்திரண்டு வயதில் சபையில் நின்று நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரிடம்கூட ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பினேன். எலிசா பின்வரிசைப் பாயில் இருந்தாள். அவளிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை, தடுத்துவிடுவாள். “போன மாசம் நான் சொன்ன சாட்சி தப்பு” என்றேன். “அது வரம் இல்ல. எனக்க மருமவ மூளைய வச்சுச் செஞ்ச வேலை. மேட்டுத்தெருக்காரங்களுக்கு முன்னால பெருமை பேசணும்னு நான் கேக்காம கொள்ளாம சொல்லிப்போட்டேன்.”

நேசபாய்தான் கேட்டாள். “அப்போ நாங்க எல்லாம் ஏமாந்தோமா?”

“ஏமாந்தீங்க. ஏமாத்தினது நான். அவ உனக்கிட்ட உண்மையச் சொன்னா. பொய்யா ரெண்டு வார்த்தை பேசி உன்ன சந்தோஷமா அனுப்பியிருக்கலாம், அவ அனுப்பல்ல. பெனிஷுக்கு நான் ஜெபிக்கேன், தமிழுல. கர்த்தருக்குத் தமிழு தெரியும்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நேசபாயும் வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை தெரியாது.

அதையும் எவளோ போனில் பிடித்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் ஜெப்சன் கூப்பிட்டான்.

“அம்மா, நீயா எழும்பி நின்ன?”

“நான்தான். இனி உனக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம். அவகிட்டக் குடு.”

குடுத்துவிட்டுக் கோழியை அடைக்கப் போனேன். பத்துக் கோழியையும் அடைத்து, கூட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்பவும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். எலிசா போனை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். “கிறிஸ்மஸுக்கு அவரு நேரே கொச்சிக்கு வாராராம், மாமி” என்றாள்.

அவள் போனது ஜூன் முதல் வாரம். அன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. குழித்துறையில் ரயில் ஏற வேண்டும். ஆட்டோ முக்கில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து யார் தூரம் போனாலும் ஜெபித்துத்தான் அனுப்புவோம். நான் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். ஜெபம் நீண்டுபோய்விட்டது. “மாமி, ரயில் போயிரும்” என்றாள். ஆமென் சொன்னேன்.

“அங்க தனியா இருந்து பட்டினி கிடக்காத.”

“இல்ல மாமி.”

“அந்த ஏ.சி.க்காரனுக்கு தினமும் போன் பண்ணு. எனக்கு ஒண்ணுவிட்ட நாள் போதும்.”

“உங்களுக்குத்தான் தினமும்” என்றாள்.

பெட்டியை ஒரு கையிலும் நோட்டுப் பையைத் தோளிலுமாக எடுத்துக்கொண்டாள். பெட்டியை நான் பிடிக்கிறேன் என்றேன், விடவில்லை. வாசலில் நின்று குடையை விரித்தாள். படியிறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள தடத்தில் தண்ணீரை மிதித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். சாரல் முன்அறைக்குள் அடித்தது. கதவைச் சாத்தாமல் நனைந்துகொண்டு நின்றேன்.