ஒன்பது குவார்ட்டர்ஸ் நம்பர்

நெய்வேலியில் ஒருவரைப் பெயர் சொல்லித் தேடினால் பொழுது போய்விடும். எந்த பிளாக், எத்தனாம் நம்பர் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் போதும், அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை சொல்லிவிடுவார்கள். தபால்காரருக்கும் பால்காரருக்கும் ஆஸ்பத்திரி சீட்டுக்கும் நம்பர்தான் ஆள். பதினைந்து வருஷம் அங்கே குடியிருந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. சொந்த ஊர் மதுரைப் பக்கம். மூத்தவன் மகன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மகளுக்குப் பதினாறு வயது. புத்தி மட்டும் நாலு வயதிலேயே நின்றுவிட்டது. ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. "இதுக்கு மருந்து கிடையாது. ஓட விடுங்க, இல்லைன்னா உடம்பும் போயிடும்" என்றார் டாக்டர்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளைப் பிளாக்குக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். வாக்கிங் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் முறைத்துப் பார்த்தேன். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

ஒருநாள் அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மாள் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவரும் மைன்ஸில் பெர்மனென்ட், முத்தாண்டிக்குப்பத்துக்காரர்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, அவளும் என் மகள் மாதிரிதான். வாசலைத் தாண்டியே வருஷக்கணக்காகிவிட்டதாம்.

"இவளையும் சேத்துக்கறீங்களா? வூட்லயே குந்திகினு கெடக்கறா."

என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் ஓடின. ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஓடின. அன்றிலிருந்து ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஓடமாட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இத்தனை வீடுகளில் இத்தனை பிள்ளைகள் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி தன் மகனைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ஒரே வருஷத்தில் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டம், வளையம் எறிதல், பந்து உதைத்தல். விசில் ஊதினால் பாதிப்பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவன் கோட்டைத் தொடும் நேரத்தில் திரும்பி ஓடி, பின்னால் வருகிறவனை இழுத்துக்கொண்டு வருவான். நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவர்கள் கை தட்டுவார்கள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். டவுன்ஷிப்பே பார்க்கிற மாதிரி ஒரு போட்டி நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நோட்டீஸ் எழுதி ஒன்றைக் கேண்டீனிலும் இன்னொன்றை ஸ்டோர் வாசலிலும் ஒட்டினேன். தலைப்பு, 'மூளை வளர்ச்சி குன்றியோர் விளையாட்டுப் போட்டி'. கீழே கலந்துகொள்பவர்கள் பட்டியல். பெயர் போட்டால் பிள்ளைகளைக் கேலி செய்வார்களே என்று பெயரை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக பிளாக்கும் குவார்ட்டர்ஸ் நம்பரும் எழுதினேன். எவ்வளவு நாசூக்காகச் செய்துவிட்டோம் என்று பெருமை வேறு.

மறுநாள் கேண்டீனில் ஆட்கள் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். "அட, அந்த வூட்லயா? இப்படி ஒண்ணு இருக்குன்னு மூச்சே வுடலியே!" எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் ஸ்டோர் நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய மூத்த மகளுக்குக் கம்மாபுரத்தில் இடம் பேசி முடிகிற நேரம். மாப்பிள்ளையின் சித்தப்பா மைன்ஸில் வேலை செய்கிறவர், அதே கேண்டீனில் சாப்பிடுகிறவர்.

"பேரு போட்டிருந்தாகூட எந்த வூட்டுப் பொண்ணோன்னு போயிருக்குங்க. நம்பரப் போட்டுட்டீங்களே."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். அவர் தாளை என் முன்னால் நீட்டினார்.

"பதினோரு புள்ளைங்க ஓடுது. ஒம்பது நம்பருதான் இருக்கு. வடக்குத்துப் பையனுக்கு குவார்ட்டர்ஸ் இல்ல, அதனால ஊர்ப் பேரு, சரி. ஒங்க நம்பரு எங்கங்க?"

"கீழே ஏற்பாடு செய்தவர்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"ஏற்பாடு செஞ்சவருக்கு இப்படி ஒரு பொண்ணு இருக்குதுன்னு அதுல எங்கங்க இருக்குது?"

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எங்கள் மகனுக்கு விருதுநகரில் ஜாதகம் பார்த்திருந்த மாதம் அது. நோட்டீஸ் எழுதும்போது அது என் நினைவில் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் ஒன்பது வீட்டு நம்பரை எழுதிய கை என் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கு நான் என்ன சத்தியம் செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை கேண்டீன் நோட்டீஸை நானே கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வடக்குத்துக்காரர் மட்டும் மகனோடு வந்தார். "எங்களுக்கு ஏதுங்க நம்பரு" என்று சிரித்தார். அவர் மகன் தனியாக ஓடி, தானே கை தட்டிக்கொண்டான்.

என் மகள் கோட்டில் நின்றாள், ஓடவில்லை. அந்தப் பெண் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விசில் ஊதினேன். கெஞ்சினேன். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். கடைசியில் அடித்துவிட்டேன். அவளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். அவளுக்கு எதற்கு அடி விழுந்தது என்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. மழைக்காலம் வந்தது, மைதானத்தில் தண்ணீர் நின்றது. அவள் ஜன்னலுக்கே திரும்பிவிட்டாள்.

கம்மாபுரத்து இடம் கலைந்துபோயிற்று. அந்த மூத்த பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. போனேன். தங்கையை மண்டபத்தில் எங்கும் காணவில்லை. யாரையும் கேட்க எனக்கு முகம் இல்லை. என் மகன் கல்யாணம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்திருந்தது.

எட்டு வருஷம் கழித்து அந்த அம்மாளின் கணவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் புறப்பட்டார்கள். வீட்டுச் சாமானெல்லாம் லாரியில் போய்விட்டது. வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. அந்த வழியாக வந்த என்னை அந்த அம்மாள் கூப்பிட்டார்.

"செத்த ஒரு கை புடிங்க."

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஊதி, கால் மடங்காமல், படியிறங்கவே பயந்து அழுதாள். நானும் டிரைவரும் அவளுடைய அப்பாவுமாகத் தூக்கித்தான் வண்டியில் உட்காரவைத்தோம். அவள் கால் என் கையில் இருந்தது. உள்ளங்கால் கைக்குழந்தையின் கால் மாதிரி மெத்தென்று இருந்தது. இந்தக் காலா ஓடியது!

அந்த அம்மாள் மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னார்.

"அந்த சனிக்கெழம ஸ்டோர் வாசல்ல வந்து பாத்தேங்க. ஒங்க நம்பரையும் சேத்து எழுதி மறுபடி ஒட்டியிருப்பீங்கன்னு. ஒட்டியிருந்தா, எது ஆனாலும் ஆவட்டும்னு இவள இட்டுகினு வந்திருப்பேன்."

அப்படி ஒன்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தோன்றியது. வெள்ளிக்கிழமை கேண்டீனில் அந்தத் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதன் எதிரில் நின்றேன். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமை விருதுநகர்க்காரர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது.