மூன்று தட்டினால் நிறுத்து

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் மனைவியைக் கேட்டால் அவளும் இதையேதான் சொல்வாள், என்னைவிடச் சுருக்கமாக. கடிகாரத்தில் பார்த்த நேரங்களை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்கள் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. காருக்குள் மழை ஒழுகினால், ஓடும்போது காற்று கீச்சிட்டால், ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைப்போம். நான் கை, அவள் காது. இருபத்திரண்டு வருடமாக ஜோடி வேலை. கடைத்தெருவில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘பாம்புச்செவி’தான். எனக்குத் தனியாகப் பெயர் எதுவும் இல்லை. ‘பாம்புச்செவி வீட்டுக்காரர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை காலை, பல் டாக்டர் ஒருவர் அந்தக் காரைக் கொண்டுவந்து விட்டார். நாற்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். நான்கு கொக்கிகளைக் கழற்றினால், தலைக்கு மேலே இருக்கும் கூரையை டப்பா மூடி மாதிரி அப்படியே எடுத்துவிடலாம். சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடம், ஒரு ஆள் சுருண்டு படுக்கலாம். டாக்டர் அதை வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“மழையில தோள் மேல சொட்டுது. அறுபதைத் தாண்டினா விசில் அடிக்குது. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பணும். ஆறு மணி நேரப் பயணம்” என்றார்.

“கவலையை விடுங்க டாக்டர். ஒரு சொட்டு உள்ள வராது. உள்ள கொசு மூச்சு விட்டாக்கூட வெளிய போகாது” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

முதலில் தண்ணீர்ச் சோதனை. அவள் சாக்பீஸோடு காருக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். நான் வெளியே நின்று ஹோஸ் பிடிப்பேன். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் எங்களுக்குத் தட்டுதான் பாஷை. ஒரு தட்டு என்றால் இங்கே ஒழுகுகிறது. இரண்டு தட்டு என்றால் அடுத்த இடத்துக்குப் போ. மூன்று தட்டினால் நிறுத்து, ஏதோ சரியில்லை.

கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கூரையின் பின் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு, இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங் பிய்ந்து தொங்கியது. பழையதை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு ஒட்டினேன். பசை காயட்டும் என்று கடையைப் பூட்டிக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை 8.20. கடையைத் திறந்தால், புது பீடிங் பிய்ந்து தொங்குகிறது. அதே இடம். அதே ஒரு சாண்.

“எலி” என்றேன்.

“எலி கடிச்சா பல்லு பதிஞ்சிருக்கும்ங்க. இதைப் புடிச்சு இழுத்திருக்கு.”

“எது இழுத்திருக்கு?”

அவள் பிய்ந்த முனையை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கோ எரிச்சல். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் நான். இருப்பதிலேயே பலமான பசையைத் தடவி மறுபடி ஒட்டினேன். அதற்கு மேல் டேப்பும் சுற்றினேன்.

அன்று மதியம் 3.10. காகிதச் சோதனை செய்தேன். கூரை விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி என்று அர்த்தம். வராமல் இருந்தால் பீடிங் நன்றாகக் கவ்வியிருக்கிறது. சுற்றிலும் பார்த்தேன். எங்கேயும் வரவில்லை. கடைசியாகப் பின் விளிம்பு.

இழுத்தேன். வரவில்லை. சபாஷ் என்று பிடியைத் தளர்த்தினேன்.

காகிதம் அரை விரல் அளவு உள்ளே போனது.

உள் அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அங்கேதான் இருந்தாள். காரில் யாரும் இல்லை. மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. விட்டுவிட்டேன்… சர்ரென்று முழுக்காகிதமும் உள்ளே போய்விட்டது.

கதவைத் திறந்து பார்த்தேன். பின்பக்கக் கார்பெட் மேல் காகிதம் கிடந்தது. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடின கடைக்குள் ஏது காற்று? அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பயப்படுவாள், வேலை நின்றுபோகும் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டும் சொல்லியிருந்தால் அவள் அந்தக் காருக்குள் ஏறியிருக்கவே மாட்டாள். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை விடிகாலை 4.30. டாக்டர் ஏழு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பீடிங் இந்தத் தடவை ஒட்டினபடியே இருந்தது. கூரையின் நான்கு கொக்கிகளையும் நானே மாட்டினேன், ஒவ்வொன்றையும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு கதவு இடுக்கு, கண்ணாடி இடுக்கு எல்லாவற்றையும் உள்ளேயிருந்தே டேப் போட்டு மூடினோம். அப்போதுதான் கூரையின் சத்தம் மட்டும் தனியாகத் தெரியும்.

அவள் பின்னால் போர்வை விரித்துச் சுருண்டு படுத்தாள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனை அவள் காதில். மறு முனையை விளிம்பு நெடுக நகர்த்திக்கொண்டே வருவாள். ஓடும்போது இருவரும் பேசக் கூடாது. எங்கள் சட்டம் அது. அவள் பேசாமல் வந்தால் வேலை சுத்தம்.

4.42. கிளம்பினோம்.

4.55. ஊரின் கடைசி விளக்கைத் தாண்டினோம். ரோட்டில் ஈ காக்காய் இல்லை. வேகம் எண்பது.

விசில் இல்லை. கீச்சு இல்லை. உள்ளே அத்தனை அமைதி.

5.04. லேசாகத் தலை வலித்தது. பசை நாற்றம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாம்புச்செவிக்கே கேட்கவில்லை என்றால் வேறு யாருக்குக் கேட்கப் போகிறது? எனக்குச் சிரிப்பு வந்தது.

5.09.

டொக்.

ஒரு தட்டு. இங்கே ஒழுகுகிறது…

ஆனால் சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. என் தலைக்கு நேர் மேலே.

அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து அங்கே கை எட்டாது.

டொக். டொக்.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் உள்பக்கத் துணி, ஒவ்வொரு தட்டுக்கும் மேல்நோக்கி அமுங்கியது. விரல் முட்டி அளவுக்கு ஒரு குழி. அமுங்கியது… எழுந்தது… அமுங்கியது…

தட்டுகிற கை இல்லை.

டொக். டொக். டொக்.

மூன்று.

பிரேக்கை மிதித்தேன். 5.11.

“ஏம்மா…”

பின்னால் திரும்பினேன்.

“ஏம்மா! இந்தா!”

குழாய் காதிலிருந்து நழுவிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துவண்டு சாய்ந்தது.

கதவெல்லாம் டேப். கூரையைக் கழற்றக் கையைத் தூக்கினேன்.

நான்கு கொக்கியும்… திறந்திருந்தன.

தள்ளினேன். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கூரை அது. அந்தப் பக்கமும் யாரோ பிடித்துத் தூக்கியது போலச் சுலபமாக எழும்பிப் போய் ரோட்டில் விழுந்தது.

அவளை வெளியே இழுத்துப் போட்டேன். கத்தினேன். அழுதேன். எந்தச் சாமியையெல்லாம் கூப்பிட்டேன் என்று தெரியாது. 5.17க்கு அவள் இருமினாள். அந்த இருமலைப் போல இனிப்பான சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வண்டிப் புகையின் விஷ வாயு கலந்திருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டரம்மா. காரைப் பார்த்த மெக்கானிக் என்னை முறைத்தார். சைலன்சரில் விரிசல். பின் விளக்குக்குக் கீழே, அவள் தலை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துருப்பிடித்த ஓட்டை. அது வழியாகப் புகை எப்போதுமே உள்ளே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கூரை இடுக்கு வழியாக வெளியேயும் போய்க்கொண்டிருந்தது.

“அதைத்தான் நீங்க அடைச்சிட்டீங்க” என்றார்.

பல் டாக்டரும் அவர் மனைவியும் அன்றைக்குப் பயணம் போகவில்லை. போயிருந்தால் ஆறு மணி நேரம் அந்தக் காருக்குள் இருந்திருப்பார்கள்.

இரண்டாம் நாள்தான் என் மனைவி சரியாகப் பேசினாள்.

“நல்ல வேளை நீ தட்டின” என்றேன்.

“தட்டினேன். மூணு தடவை. நீங்க நிறுத்தல.”

“எனக்குக் கேட்டுச்சே… மேல…”

“மேல எல்லாம் இல்லை. பக்கவாட்டுல தட்டினேன், கையில வலுவே இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். அப்புறம் கையைத் தூக்க முடியல.” தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்போ யாரோ என் கையைப் புடிச்சு ஓரமா நகர்த்தி வச்சாங்க. என்னைத் தாண்டி முன்னாடி போனாங்க. வளையல் சத்தம் கேட்டுது.”

அவள் வேலைக்கு வளையல் போடுவதில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டருக்கு அந்தக் காரை விற்றுக்கொடுத்த தரகரைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். என் மனைவியின் நிலைமையைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஒம்பது வருஷம் முன்னாடி, தம்பி, இதே கார்லதான். வேற ஊரு. உங்களை மாதிரியே ஒரு புருஷன் பொண்டாட்டி, இதே வேலை. ஒழுகலை அடைச்சிட்டு ஓட்டிப் பாக்கப் போனாங்க. அந்த அம்மா பின்னாடி படுத்துக்கிட்டுக் காது வச்சுக் கேக்கும். அவர் தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கிட்டு, காத்து இரைச்சல்ல ரெண்டு மணி நேரம் ஓட்டியிருக்காரு.”

“ரெண்டு மணி நேரமா?”

“போலீஸும் அதைத்தான் கேட்டாங்க. பொண்டாட்டி செத்தது கூடவா தெரியலன்னு. சோதனை ஓட்டத்துல அவ பேச மாட்டா சார், கோளாறு இருந்தாத் தட்டுவா, தட்டவே இல்லை, வேலை சுத்தம்னு சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன்னு சொல்லி அழுதாராம்.”

நாற்காலியின் நுனிக்கு வந்தேன். “அந்த அம்மா… தட்டவே இல்லையா?”

தரகர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“பிரேதத்தைப் பரிசோதிச்ச டாக்டர் எழுதியிருந்தாரு, தம்பி. ரெண்டு கை விரல் முட்டியிலயும் தோலே இல்லையாம்.”