கடுகுக்கு நூறு பேரைக் காட்டணும்

குட்டைக் கால் கார்கி நாய் வளர்க்கிற வீட்டுல சாம்பார்லயும் முடி கிடக்கும், சாமி படத்துலயும் முடி கிடக்கும். இப்பக்கூட ஒரு கையால பன்னுவுக்கு முடி சீவிகிட்டுத்தான் இதை எழுதறேன். நாய் வளர்த்து, கறுப்புப் புடவை கட்டறதையே விட்டவங்க யாராவது இருந்தா, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பன்னு இப்ப கிழவி. அதை வளர்த்துக் குட்டி விக்கிற சுகந்தி அக்கா மூணு ஈத்தோட நிறுத்தி ஆபரேஷன் பண்ணிட்டாங்க, இப்ப அதோட பொண்ணுதான் குட்டி போடுது. நான் அவங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தது பன்னுவோட கடைசி ஈத்து சமயம். அக்கா முன்னாடி ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டி பாத்தவங்க. நான் பிள்ளைப்பாக்கம், ஏழாவது வரைக்கும் படிப்பு. அப்ப என் பொண்ணுக்கு ஒரு வயசு. யாராவது பேர் கேட்டாலே தரையைப் பாக்கற ஆளு நான்.

தட்டு விழற சத்தம்

குட்டிங்களுக்கு மூணு வாரம் ஆனதும் அக்கா என் கையில ஒரு எவர்சில்வர் தட்டைக் குடுத்தாங்க. தெனமும் அதைக் கீழ போடணும். முதல்ல தூரமா, மெதுவா. குட்டிங்க திரும்பிப் பாத்துட்டு மறுபடி விளையாடப் போனா, மறுநாள் கொஞ்சம் கிட்ட. பயந்து சுருண்டா பின்னால போயிடணும். அப்புறம் குக்கர் விசில், மிக்ஸி, குடை விரிக்கிற சத்தம். எட்டு வாரத்துக்குள்ள இதெல்லாம் சாதாரணம்னு தெரிஞ்சிட்டா, வாழ்க்கை பூரா பயப்படாதாம்.

அஞ்சு குட்டியில நாலு, தட்டு விழுந்தா அதுமேலயே ஏறி உக்காந்துக்கும். அஞ்சாவது ரொம்பச் சின்னது, கடுகுன்னு கூப்பிடுவோம். அது மட்டும் பன்னு வயித்துக்கடியில பூந்துக்கும். ஒரு வாரம் இப்படித் தட்டு போட்டுகிட்டே இருந்தேன். புதுசா குடிவந்த பக்கத்து வீட்டம்மா, என்னையே வீட்டுக்காரின்னு நெனச்சு, மதில்மேல எட்டிப் பாத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க:

“இன்னாம்மா, தெனிக்கும் பாத்திரம் பறக்குது? அடிக்கிறானா உன் புருசன்? சொல்லு, எங்க வூட்டுக்காரரை அனுப்பறேன்.”

வால்

ஸ்ரீபெரும்புதூர்ல கார் உதிரிபாகம் சப்ளை பண்றவர் ஒருத்தர் குட்டி பாக்க வந்தாரு. குட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “போன்ல பாத்ததுக்கெல்லாம் வால் இல்லியே, இதுக்கு மட்டும் கீதே, ஒரிஜினல்தானா?”ன்னாரு. பொறந்த ரெண்டு மூணு நாள்லயே சிலர் வாலை வெட்டிடறாங்க, நாங்க அந்தப் பாவத்தைப் பண்றதில்லன்னு அக்கா சொன்னாங்க. அம்மா அப்பா நாயோட இடுப்பு, கண்ணு, முதுகெலும்பு டெஸ்ட் பேப்பரையெல்லாம் எடுத்து வச்சாங்க. அவர் பேப்பரைப் படிக்கல. குட்டி வாலை ஆட்டறதையே பாத்துகிட்டு இருந்தாரு. கடைசியில சிரிச்சிட்டாரு.

“சரி, வாலோடவே குடுங்க. யாராவது கேட்டா, புது மாடல்னு சொல்லிக்கறேன்.”

பொறந்தநாளு பரிசு

இன்னொருத்தர் ஷிப்ட் இன்சார்ஜ். பொண்ணு பொறந்தநாளுக்கு வேணும், ஞாயித்துக்கிழமையே எடுத்துக்கறேன்னாரு. அப்ப குட்டிங்களுக்கு அஞ்சு வாரம்தான். எட்டு வாரத்துக்கு முன்னாடி தாயை விட்டுப் பிரிக்க மாட்டேன்னுட்டாங்க அக்கா. அண்ணன் தம்பியோட கடிச்சு விளையாடும்போதுதான், எவ்ளோ கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்குமாம்.

அதோட விட்டாங்களா? பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க, எத்தனை மாடி, படி ஏற விடுவீங்களா, முதுகு நீளமான நாயாச்சே, மே மாசத்துக்கு ஃபேனா ஏசியா, நாளைக்கு வேணாம்னு தோணுச்சுன்னா எங்ககிட்டயே திருப்பிக் குடுப்பீங்களான்னு வரிசையா கேட்டாங்க. அவர் கர்சீப்பை எடுத்து நெத்தியைத் துடைச்சிகிட்டாரு.

“எங்க கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரன் ஆடிட் வந்தப்போகூட எனக்கு இவ்ளோ வேர்க்கலீங்க.”

நீலச் சட்டைங்க

ஆறாவது வாரத்துல இருந்து வெளி மனுஷங்களைக் காட்டணும். ஊசி முழுசா போடாததால தரையில விடக்கூடாது, தூக்கிகிட்டே போகணும். நூறு விதமான ஆளுங்களைக் குட்டி பாக்கணும்: தாடி வச்சவங்க, கண்ணாடி போட்டவங்க, குச்சி ஊணி நடக்கறவங்க, வேட்டி, பர்தா, ஹெல்மெட். நாலு குட்டிங்களை அக்கா கார்ல கூட்டிட்டுப் போவாங்க. கடுகை மட்டும் என் கையில குடுத்து, “பயந்தவளுக்குத்தான் பயந்தது தெரியும், நீ பாத்துக்கோ”ன்னாங்க.

நூறு பேருகிட்ட நான் எங்க போய்ப் பேசறது? பென்னலூர் பக்கம் கம்பெனி பஸ் நிக்கிற இடத்துக்குப் போனேன். அங்க வாயே தொறக்க வேணாம், ஹாஸ்டல் பொண்ணுங்களே ஓடி வந்து தூக்கிக்குவாங்க. எல்லாரும் நீலச் சட்டை. என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், அதே சட்டைதான். கடுகும் ரெண்டே நாள்ல அவங்க முகத்தை நக்க ஆரம்பிச்சிடுச்சு. தெனம் அங்கேயே போனேன். அக்கா கேட்டா, “ஆங், நிறைய பேரு பாத்தாங்கக்கா”ன்னுடுவேன். தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு பஸ்ல ஏறும்போது சொல்லும்:

“நாளைக்கும் கொண்டாங்கக்கா. இவனத் தொட்டுட்டுப் போனாத்தான் எட்டு மணி நேரம் லைன்ல நிக்க முடியுது.”

கட்டிலுக்கு அடியில

நாலு குட்டி போயிடுச்சு. பத்தாவது வாரத்துல கடுகைப் பாக்க ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தாங்க. அமைதியான வீடு, தரைத்தளம், பகல் பூரா ரெண்டு பேரும் வீட்டுலதான். இதைவிட நல்ல இடம் கிடைக்காதுன்னு அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாங்க.

வாத்தியாரோட வெள்ளை வேட்டியைப் பாத்ததும் கடுகு ஒண்ணுக்குப் போயிடுச்சு. கட்டிலுக்கு அடியில போனது வரவே இல்ல. அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அப்பதான் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிஞ்சு, எங்க வீட்டுச் சாவியை என்கிட்ட வாங்க வந்தாரு. நீலச் சட்டையைப் பாத்ததும் கடுகு அம்பு மாதிரி ஓடி வந்து அவர் ஷூமேல படுத்துகிச்சு. அக்கா என்னைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். நீலச் சட்டைங்களை மட்டும்தான் காட்டியிருக்கேன்னு புரிஞ்சிடுச்சு அவங்களுக்கு.

“பன்னெண்டு வாரம் தாண்டிட்டா இந்தப் பயம் ஒட்டிக்கும் தனம்”னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவல. ரெண்டு வாரம் கழிச்சு வரேன்னு வாத்தியார் எழுந்தாரு. அவர் சம்சாரம் வாசப்படியில நின்னு கேட்டாங்க:

“அப்பவும் இப்படியே இருந்தா இன்னா பண்றது? இவரு கம்பெனி சட்டை தெச்சு மாட்டிக்கினு வூட்ல உக்காரணுமா?”

வல்லக்கோட்டைக் கடைத்தெரு

மறுநாள் கடுகைத் துணிப்பையில போட்டு மார்போட கட்டிகிட்டு, வல்லக்கோட்டை கோயில் கடைத்தெருவுக்குப் போனேன். வேட்டி கட்டினவங்க அங்கதானே நிறைய. போயிட்டேன், பேச வரல. முதல் நாள் ஒரு மணி நேரம் பூக்கடை ஓரமா நின்னுட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாம் நாளும் அதேதான். உள்ள கடுகு நடுங்கறது எனக்குத் தெரியுது, நான் நடுங்கறது அதுக்கும் தெரிஞ்சிருக்கும். அழுகையா வந்துச்சு. நான் கூச்சப்பட்டதுக்கு இது ஆயுசு பூரா கட்டிலுக்கடியில கிடக்கணுமான்னு தோணுச்சு.

மூணாம் நாள், மொட்டை போட்டுட்டு வந்த ஒரு பெரியவர்கிட்ட, “ஐயா, தொடறீங்களா?”ன்னேன். எதைன்னு சொல்லல! அவர் ரெண்டடி பின்னால போயிட்டாரு. அப்ப கடுகு பைக்குள்ள இருந்து தலையை நீட்டி ‘வவ்’வுன்னுச்சு. பூக்கார அம்மா பூத்தொடுக்கறதையே விட்டுட்டு சிரிச்சாங்க. பெரியவரைக் கூப்பிட்டு, விஷயத்தைக் கேட்டு, அவங்களே என்கிட்ட இருந்த நாய் பிஸ்கட்டை வாங்கி அவர் கையில குடுத்தாங்க. கடுகு மோந்து பாத்துச்சு, அப்புறம் தின்னுச்சு. அன்னிக்கு மட்டும் ஒம்போது பேர். அதுக்கப்புறம் தெனமும் போனேன். அந்தப் பூக்கார அம்மா சொன்னது இன்னும் காதுல கேக்குது:

“வாயைத் தொறந்து கேளுடி. நாய்க்குட்டியே உன்னவிட நல்லா பேசுது!”

கூடை

வாத்தியார் சொன்னபடியே வந்தாரு. கடுகு உடனே ஓடல. தூரமா நின்னு பாத்துச்சு. வேட்டி ஓரத்தை மோந்துச்சு. அப்புறம் கொட்டாவி விட்டுட்டு அவர் பாதத்துமேல உக்காந்துகிச்சு. கூட வந்த அவர் சம்சாரம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

பன்னு வாசம் பட்ட துணியைக் கூடையில போட்டுக் குடுத்தோம். கடுகு கார்ல ஏறி, ஜன்னல் வழியா அந்தப்பக்கம் போற மாட்டைப் பாத்துகிட்டே போயிடுச்சு. ஒரு தடவைகூட எங்களைப் பாக்கல. நான் கேட்டைப் பிடிச்சிகிட்டு அழுதேன். அக்கா என் தோள்ல கைபோட்டு சொன்னாங்க:

“திரும்பிப் பாக்கலன்னு அழாத தனம். திரும்பிப் பாத்திருந்தாதான் நீ அழணும்.”

மொத்தத்துல இந்த வேலை என்னன்னா, நம்மளை விட்டுட்டு நல்லபடியா போறதுக்குக் குட்டிக்கு நாமளே சொல்லிக் குடுக்கணும், குட்டி எட்டு வாரத்துல கத்துக்கும், ஆனா நமக்கு மட்டும் அது எத்தனை வருஷம்— அக்கா கூப்பிடறாங்க, கேட்ல யாரோ குட்டி கேட்டு வந்திருக்காங்களாம், நானே போய் பதில் சொல்லணுமாம், இதோ வந்துட்டேங்க்கா, என்ன சொல்ல வந்தேன்னா, நமக்கு மட்டும்