பெண் பார்க்கும் வழியில் ஒரு குதிரை

அறுபதுகளில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள், சைக்கிள் என்றால் அய்யனார் கோயில். கும்பிடப் போகவில்லை, சிலை பார்த்து வரையப் போனேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், அந்தப் பக்கம் மங்கலம்பேட்டை வரைக்கும், ஏரிக்கரையில் நிற்கும் சுதைச் சிலைகளில் நான் பார்க்காதது குறைவு. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு வீரன் அரைக்கால் சட்டையும் துப்பாக்கியுமாக நிற்பான். இன்னொரு ஊரில் பூதத்தின் மணிக்கட்டில் கடிகாரம், மணி எப்போதும் பத்தேகால். வண்ணம் பூசுகிறவர் வருஷா வருஷம் கொஞ்சம் நீட்டியதில் ஒரு முனியின் மீசை காதைத் தாண்டிப் பிடரிக்குப் போயிருந்தது. இதைவிட நல்ல கண்காட்சி பட்டணத்தில்கூடக் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

இந்தப் பைத்தியம் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. கம்மாபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. அப்பா, அம்மா, அக்கா மூவரும் பஸ்ஸில் வர, நானும் அக்கா புருஷனும் சைக்கிளில் முன்னால் போய்விட்டோம். ஊர் எல்லையில் புத்தம்புதிதாய் ஒரு வெள்ளைக் குதிரை, இரண்டு ஆள் உயரம். வண்ணமெல்லாம் முடிந்திருந்தது, கண் மட்டும் இல்லை. விரதம் இருந்த சிற்பி கும்பாபிஷேகத்தன்றுதான் கண் திறப்பார். திறந்ததும் குதிரை முதலில் பார்க்க வேண்டியது கன்றோடு நிற்கும் பசுவை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கைதான் கேட்கவில்லை. பொங்கல் வைத்த அடுப்பில் கரி வேறு கிடந்தது.

"மாமா, கொஞ்சம் குனிங்க."

"எதுக்கு மச்சான்?"

"சும்மா போட்டுப் பாக்கறேன். அப்புறம் அழிச்சிடலாம்."

அவர் தோளில் ஏறி நின்று இரண்டு கண்ணையும் வரைந்தேன். அழிப்பதற்குள் மரத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு இருவரும் ஓட்டம் பிடித்தோம். பஸ் வரும்வரை ரோட்டோர டீக்கடையில் பதுங்கியிருந்தோம். கையை எத்தனை தடவை கழுவியும் நகக்கண்ணில் கரி போகவில்லை.

பெண்ணின் அப்பாதான் அந்தக் கோயிலின் தர்மகர்த்தா என்பது பாயில் உட்கார்ந்த பிறகே தெரிந்தது. அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எவனோ வெளியூர்ப் பய குதிரைக்குக் கண்ணத் தொறந்துட்டுப் போயிட்டான். ஊரே போயிப் பாத்துட்டு வருது. வெளியாளு தொறந்தா ஊருக்கு ஆவாது."

மாமா கேசரியை வாயில் வைத்தபடி விழுங்க மறந்தார். பெண் காப்பி கொண்டுவந்தாள். டம்ளருக்கு நீட்டிய என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அவள் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நாந்தாங்க தொறந்தேன்."

என் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து சொன்னார்:

"வெளியாளு தொறந்தாதானே ஆவாது? மாப்ளன்னு ஆயிட்டா நம்ம ஊர்க்காரருதானே. குத்தமே இல்ல. பொண்ணு என்னா சொல்லுதுன்னு கேளுங்க."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்குச் சம்மதந்தான். ஆனா நானும் போயிப் பாத்தேன். ஒரு கண்ணு வானத்தப் பாக்குது, இன்னொண்ணு தரையப் பாக்குது. சிற்பி வந்து சரி பண்ணட்டும். இவுங்கள இனிமே எந்தச் சாமிகிட்டயும் விடாதீங்க."

வீடே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. திரும்பும்போது சைக்கிளை நிறுத்திக் குதிரையை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

"நல்லாத்தான் மச்சான் இருக்குது" என்றார் மாமா.

இத்தனை வருஷம் இவர் பேச்சை நம்பித்தான் நான் ஓவியன் என்று திரிந்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்கிற அவள், நாள் குறிக்கும் வரைகூடக் காத்திராமல், உடனே வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.