வால்டர் குறித்த கல்யாணத் தேதி

கோர்படியில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் லீவு செக்‌ஷன் கிளார்க் வால்டர். அவரிடம் ஒரு நாள் லீவு வாங்குவதற்குள் சிப்பந்திகளுக்கு நாக்குத் தள்ளிவிடும். மகள் ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை அமைந்ததும் மனுஷர் முதல் காரியமாக எழுபத்தொன்பதாம் வருஷக் காலண்டரைக் கையில் எடுத்தார். ஏப்ரலில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வரிசையாகச் சிவந்து கிடந்தன. சிவப்பைப் பார்த்தால் வால்டருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

"மில்ட்ரெட், வெள்ளிக்கிழமையே வச்சிருவோம். லீவு கிடைக்கலைன்னு ஒரு பய சாக்குச் சொல்ல முடியாது!"

மீனைப் பொரித்துக்கொண்டிருந்த மனைவி, "சரிங்க" என்றாள்.

மண்டபத்துக்காரர் பாட்டீல், அன்றைக்கு யாருமே கேட்கவில்லை என்று சொன்னதும் வால்டருக்குத் தலைகால் புரியவில்லை. பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் சொல்லிவிட்டு, கடைசியாகக் கோயிலுக்குப் போனார்.

பங்குச் சாமியார் தேதியைக் கேட்டார். காலண்டரைப் பார்த்தார். பிறகு வால்டரைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பெரிய வெள்ளி, வால்டர். ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச நாள். ஊருக்கே லீவு, எனக்கு மட்டுந்தான் டூட்டி."

வால்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"அரைநாள் லீவு எழுதிக் குடுங்க சாமி. உங்களுக்குன்னா உடனே பாஸ் பண்ணித் தாரேன்."